மின்னணு வருமான வரிக் கணக்கு நிராகரிப்பு: இந்திய வரலாறு

மின்னணு வருமான வரிக் கணக்கு நிராகரிப்பு என்பது, வரி செலுத்துவோர் இணையம் வழியாக அனுப்பிய வருமான வரிக் கணக்கை வருமான வரித் துறையின் கணினி அமைப்பு ஏற்க மறுப்பதையும், ஏற்ற பிறகு அதைக் குறைபாடுள்ளது அல்லது செல்லாதது என்று அறிவிப்பதையும் குறிக்கும். இந்தியாவில் இணையவழித் தாக்கல் 2004ஆம் ஆண்டில் அறிமுகமானது. அது முதல் நிராகரிப்பின் காரணங்களும், அதற்கான தீர்வுகளும், அதைப் பற்றிய நீதிமன்றக் கருத்துகளும் தொடர்ந்து மாறி வந்துள்ளன.

நிராகரிப்பை வெறும் தொழில்நுட்பச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு கணக்கு செல்லாது என்று முடிவானால், சட்டத்தின் பார்வையில் அவர் கணக்கே தாக்கல் செய்யாதவர் ஆகிறார். அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டிய வரிப் பணம் நின்றுபோகும். தாமதக் கட்டணமும் வட்டியும் சேரும். தொழிலில் ஏற்பட்ட நட்டத்தை அடுத்த ஆண்டு வருமானத்தில் கழித்துக்கொள்ளும் உரிமையும் போகலாம்.

காகிதக் காலம்

இந்தியாவில் வருமான வரி 1860ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வில்சன் என்பவரால் கொண்டுவரப்பட்டது. 1857 எழுச்சிக்குப் பின் காலியாகிக் கிடந்த ஆங்கிலேய அரசின் கருவூலத்தை நிரப்புவது அதன் நோக்கம். விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட வருமான வரிச் சட்டம், 1961, அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

காகித முறையில் வரி செலுத்துவோர் படிவத்தை நிரப்பி, மூல வரிப் பிடித்தச் சான்றிதழ், வங்கிச் செலான், கணக்கு அறிக்கை ஆகியவற்றை இணைத்து, தம் வட்டத்துக்குரிய வருமான வரி அலுவலகத்தில் கொடுப்பார். அலுவலர் முத்திரை குத்தி ஒப்புகைச் சீட்டைக் கிழித்துத் தருவார். கையெழுத்து விடுபட்டிருந்தாலோ ஒரு தாள் குறைந்தாலோ பெரும்பாலும் அந்த இடத்திலேயே சொல்லித் திருத்திக்கொள்ள முடிந்தது.

அக்காலத்திலேயே சட்டத்தில் இரண்டு பிரிவுகள் இடம்பெற்றன. ஒன்று பிரிவு 139(9). கணக்கில் குறைபாடு இருந்தால் அதை அலுவலர் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து 15 நாளுக்குள் திருத்தித் தர வேண்டும். திருத்தாவிட்டால் அக்கணக்கு செல்லாது என்று அது கூறுகிறது. விண்ணப்பித்தால் கூடுதல் அவகாசம் தரவும், மதிப்பீடு முடியும் முன் திருத்தம் வந்துவிட்டால் தாமதத்தை மன்னிக்கவும் அலுவலருக்கு அதில் இடம் உண்டு.

மற்றொன்று 1975 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு 292பி. ஒரு கணக்கு சாரத்தில் சட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்துமானால், சிறு பிழை அல்லது விடுபாடு ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டி அதைச் செல்லாததாக்க முடியாது என்பது இதன் உட்பொருள். பிழை செய்தவருக்குத் திருத்த வாய்ப்புத் தர வேண்டும், அற்பப் பிழைக்காக உரிமை பறிபோகக் கூடாது என்ற இந்த இரண்டு கொள்கைகளும் கணினிக் காலத்தில் கடும் சோதனைக்கு உள்ளாயின.

இணையத்துக்கு மாற்றம்

2004இல் வெளியான திட்டத்தின்படி, இடைநிலையர் எனப்பட்ட அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் வழியாக மின்னணுக் கணக்கு அனுப்பலாம் என்றானது. 2006இல் நிறுவனங்களுக்கு இணையவழித் தாக்கல் கட்டாயமாக்கப்பட்டது. 2007இல் இணைப்பு ஏதும் தேவைப்படாத புதிய ஐ.டி.ஆர். படிவங்கள் வந்தன.

இந்த மாற்றத்தின் முக்கியத்துவம் வெளிப்படையாகத் தெரிவதில்லை. காகிதத்தில் இணைப்புகள்தான் சான்று. அலுவலர் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு படிவத்தைச் சரிபார்த்தார். இணைப்பு இல்லாத படிவத்தில் சான்று வேறு இடத்திலிருந்து வர வேண்டும். அந்த இடம், சம்பளம் கொடுத்தவரும் வங்கியும் துறைக்குத் தனியாக அனுப்பும் தகவல்களைத் தொகுத்துக் காட்டும் படிவம் 26ஏ.எஸ். ஆனது. ஆகவே ஒருவரின் கணக்கு ஏற்கப்படுமா என்பது அவர் எழுதியதைப் பொறுத்தது மட்டுமன்று. அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியதையும் பொறுத்ததாகிவிட்டது.

பெங்களூருவில் மையப்படுத்தப்பட்ட செயலாக்க மையம் 2009இல் செயல்படத் தொடங்கியது. நாட்டின் எந்த மூலையிலிருந்து அனுப்பினாலும் மின்னணுக் கணக்குகள் அங்கே கணினியால் பரிசீலிக்கப்பட்டன. அதன்பின் கட்டாயத்தின் வட்டம் விரிந்தது. ஆண்டு வருமானம் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தனிநபர்களுக்கு 2012-13 மதிப்பீட்டு ஆண்டிலும், 5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டவர்களுக்கு அடுத்த ஆண்டிலும் இணையவழித் தாக்கல் கட்டாயமானது. 2019-20 மதிப்பீட்டு ஆண்டு முதல், எளிய படிவங்களைப் பயன்படுத்தும் 80 வயது நிறைந்த மூத்தோருக்கு மட்டுமே காகிதச் சலுகை மிஞ்சியது.

கணக்கு தடைபடும் நிலைகள்

பொதுவழக்கில் எல்லாவற்றையும் ‘ரிட்டர்ன் ரிஜெக்ட் ஆகிவிட்டது’ என்றே சொல்கிறார்கள். உண்மையில் இதில் நான்கு வெவ்வேறு நிலைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விளைவும் தீர்வும் வேறு.

முதல் நிலை, பதிவேற்றும்போதே ஏற்படும் தடை. ஒவ்வொரு படிவத்துக்கும் துறை சரிபார்ப்பு விதிகளை வெளியிடுகிறது. ‘ஏ’ வகை விதியை மீறினால் கணக்கு உள்ளேயே போகாது. ‘பி’ வகையை மீறினால் கணக்கு போகும், ஆனால் குறைபாடுள்ளதாகக் கருதப்படலாம். ‘டி’ வகையில் கணக்கு போகும், ஆனால் கேட்ட கழிவு கிடைக்காமல் போகலாம். முதல் வகையில் ஒப்புகை எண் கிடைக்காது என்பதால் கணக்கு தாக்கல் ஆகவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். கடைசி நாள் இரவில் இது நேர்ந்தால் மட்டுமே ஆபத்து.

இரண்டாம் நிலை, பதிவேற்றிய கணக்கு உறுதிசெய்யப்படாமல் விடுபடுவது. ஒப்புகை எண் கையில் இருப்பதால் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுவார்கள்.

மூன்றாம் நிலை, பிரிவு 139(9)இன்படி வரும் குறைபாட்டு அறிவிப்பு.

நான்காம் நிலை, பிரிவு 143(1)இன்படி மையம் செய்யும் திருத்தம். இதில் கணக்கு செல்லும். ஆனால் கணக்கிலுள்ள தொகை மாற்றப்படும். மாற்றும் முன் வரி செலுத்துவோருக்குத் தெரிவித்து, பதில் சொல்ல 30 நாள் தர வேண்டும்.

அஞ்சல் உறையில் பயணித்த கையெழுத்து

இணையவழித் தாக்கலின் முதல் பத்தாண்டுகளில் மக்களை அதிகம் அலைக்கழித்தது இரண்டாம் நிலைதான். டிஜிட்டல் கையொப்பம் வாங்குவது செலவு பிடித்த காரியம். சாதாரண ஊழியரிடமும் ஓய்வூதியரிடமும் அது இருக்கவில்லை. எனவே ஐ.டி.ஆர்.-வி என்னும் ஒரு பக்க ஒப்புகையை அச்செடுத்துக் கையெழுத்திட்டு அனுப்பும் முறை கொண்டுவரப்பட்டது. தொடக்கத்தில் அதை உள்ளூர் அலுவலகத்தில் கொடுத்தார்கள். பிறகு, பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி அஞ்சல் நிலையத்தின் 1ஆம் எண் அஞ்சல் பைக்கு அனுப்பச் சொன்னார்கள். இதற்கு 120 நாள் அவகாசம் இருந்தது.

அந்தத் தாளுக்கென்றே தனி ஒழுங்குமுறை இருந்தது. ஏ4 அளவுத் தாளில் தெளிவாக அச்சிட வேண்டும். பட்டைக் கோட்டின் மேல் கையெழுத்தோ வேறு எழுத்தோ படக் கூடாது. வேறு எந்த ஆவணத்தையும் உடன் வைக்கக் கூடாது. கூரியரில் அனுப்பக் கூடாது. முதலில் சாதாரணத் தபால் மட்டும், பிறகு விரைவு அஞ்சலும் ஏற்கப்பட்டன. சாதாரணத் தபாலில் அனுப்பியவரிடம் அனுப்பியதற்குச் சான்று எதுவும் இருக்காது. தபால் வழியில் தொலைந்தாலும், கையெழுத்து மங்கியிருந்தாலும் விளைவு ஒன்றுதான்: கணக்கு தாக்கல் ஆகவில்லை. விவரங்கள் ஒரு நொடியில் பெங்களூரு போய்ச் சேர்ந்துவிட, கையெழுத்து மட்டும் ரயிலேறிப் போய்க்கொண்டிருந்தது.

2015இல் மின்னணு உறுதிப்பாட்டுக் குறியீடு வந்தது. ஆதாருடன் இணைந்த கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல், இணைய வங்கிச் சேவை போன்ற வழிகளில் வீட்டிலிருந்தபடியே உறுதிசெய்ய முடிந்தது. ஆயினும் பழைய நிலுவைகள் தேங்கியே கிடந்தன. 2015-16 முதல் 2019-20 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளில் உறுதிசெய்யப்படாமல் நின்ற கணக்குகளை 2020 செப்டம்பர் 30க்குள் உறுதிசெய்துகொள்ள மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020 ஜூலை 13ஆம் நாள் சுற்றறிக்கை மூலம் ஒருமுறை வாய்ப்பளித்தது.

2022 ஆகஸ்ட் 1 முதல் உறுதிசெய்யும் கெடு 120 நாளிலிருந்து 30 நாளாகக் குறைக்கப்பட்டது. 30 நாளுக்குள் உறுதிசெய்தால், பதிவேற்றிய நாளே தாக்கல் நாளாகக் கொள்ளப்படும். அதற்குப் பிறகு செய்தால், உறுதிசெய்த நாளே தாக்கல் நாள். எடுத்துக்காட்டாக, ஜூலை 31 கெடு உள்ள ஓர் ஆண்டில் ஒருவர் ஜூலை 25 அன்று பதிவேற்றி, செப்டம்பர் 10 அன்று உறுதிசெய்தால், அவர் கெடு தவறியவர் ஆவார். தாமதக் கட்டணம் கட்ட வேண்டிவரும்.

குறைபாட்டு அறிவிப்பு

காகிதக் காலத்தில் அலுவலர் ஒருவரின் கணிப்பாக இருந்த குறைபாடு, மையம் வந்தபின் கணினி விதியாக மாறியது. ஒரே விதி லட்சக்கணக்கான கணக்குகள் மீது ஒரே நாளில் பாய முடிந்தது.

அறிவிப்புக்கான காரணங்களில் சில அடிக்கடி காணப்படுபவை. பிடித்தம் செய்த வரிக்கு உரிமை கேட்டுவிட்டு அதற்குரிய வருமானத்தைக் காட்டாமல் விடுவது ஒன்று. வைப்புத்தொகை வட்டியில் வங்கி பிடித்த வரியைத் திரும்பக் கேட்டு, அந்த வட்டியை வருமானத்தில் சேர்க்காதவர்கள் இதில் அகப்படுவார்கள். தொழில் வருமானம் காட்டி, இருப்புநிலைக் குறிப்பையும் லாப நட்டக் கணக்கையும் வெறுமையாக விடுவது இன்னொன்று. தவறான படிவத்தைத் தேர்ந்தெடுப்பது, கணக்கிலுள்ள பெயர் பான் அட்டைப் பெயருடன் பொருந்தாமலிருப்பது ஆகியவையும் உண்டு.

2013 ஜூன் 1 முதல், வரியும் வட்டியும் செலுத்தாமல் கணக்கு தாக்கல் செய்வதே குறைபாடு என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டது. உண்மையைச் சொல்லி, கட்டப் பணமில்லாமல் நின்றவரின் கணக்கும் செல்லாததாகும் நிலையை இது உண்டாக்கியது. கணக்குக் கொடுப்பதும் வரி கட்டுவதும் இரு வேறு கடமைகள்; ஒன்றில் தவறியவரை இரண்டிலும் தவறியவராக்கியது இந்த விதி. 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் இது நீக்கப்பட்டு, 2017 ஏப்ரல் 1 முதல் மறைந்தது. வரி பாக்கிக்குரிய வட்டியும் வசூல் நடவடிக்கையும் மட்டும் தொடர்ந்தன.

அறிவிப்பு வந்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு. குறைபாட்டை ஒப்புக்கொண்டு திருத்திய கணக்கைப் பதிவேற்றலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் காரணத்தைத் தளத்திலேயே எழுதலாம். இரண்டையும் செய்யாமல் 15 நாளைக் கடத்துவதுதான் பெரும்பாலான கணக்குகள் செல்லாமல் போவதற்குக் காரணம். அறிவிப்பு மின்னஞ்சலுக்கு வருகிறது. கணக்கை ஆடிட்டர் அலுவலகமோ உறவினரோ தாக்கல் செய்து, அவர்களுடைய மின்னஞ்சல் முகவரியே பதிவாகியிருந்தால், உரியவர் அறிவிப்பைப் பார்க்காமலேயே கெடு முடிந்துவிடும்.

பெயரும் தலைப்பெழுத்தும்

தமிழ்நாட்டு வரி செலுத்துவோருக்கு என்றே அமைந்த ஒரு சிக்கல் பெயரில் இருக்கிறது. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக முன்னால் வைத்துக்கொள்வதே வழக்கம். 1995இல் நடைமுறைக்கு வந்த பத்து எழுத்துப் பான் எண் முறையோ குடும்பப் பெயர் உண்டு என்ற எதிர்பார்ப்பில் அமைந்தது. அதன் விண்ணப்பத்தில் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுருக்கி எழுத இடமில்லை. விரித்தே எழுத வேண்டும். தனிநபருக்குப் பான் எண்ணின் ஐந்தாம் எழுத்தும் குடும்பப் பெயரின் முதலெழுத்தே.

ஆகவே ‘கா. முருகேசன்’ என்று பள்ளிச் சான்றிதழில் இருப்பவர் பான் அட்டையில் ‘முருகேசன் காளிமுத்து’ ஆகிவிடுவார். ஆதாரில் ‘முருகேசன் கா’ என்றிருக்கும். வங்கிப் புத்தகத்தில் ‘கே. முருகேசன்’. நால்வரும் ஒருவரே என்பது தெருவில் உள்ள எல்லோருக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது. இதனுடன் எழுத்துப்பெயர்ப்புக் குழப்பமும் சேர்கிறது. ழகரத்துக்கு ஆங்கிலத்தில் ஓர் அலுவலகம் ‘எல்’ எழுதும், இன்னொன்று ‘இசட் எச்’ எழுதும். தகரத்துக்கு ‘டி’ போதும் என்பார் ஒருவர், ‘டி எச்’ வேண்டும் என்பார் மற்றொருவர்.

இந்த வேறுபாடு நெடுங்காலம் யாருக்கும் இடையூறாக இருக்கவில்லை. 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு 139ஏஏ, பான் எண்ணை ஆதாருடன் இணைப்பதைக் கட்டாயமாக்கியபோதுதான் அது சுவராக எழுந்தது. இரு அட்டைகளிலும் பெயர், பிறந்த நாள், பாலினம் பொருந்தாவிட்டால் இணைப்பு நிறைவேறாது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று வழங்கிய ஆதார் தீர்ப்பில் இந்தப் பிரிவு செல்லும் என்று உறுதியானது. இணைக்கும் கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 1,000 ரூபாய் கட்டணத்துடன் 2023 ஜூன் 30இல் முடிந்தது. இணைக்காதோரின் பான் எண்கள் ஜூலை 1 முதல் செயலற்றவையாயின. செயலற்ற பான் உள்ளவருக்கு வரித் திருப்பம் கிடைக்காது. அவரது வருமானத்தில் கூடுதல் விகிதத்தில் வரி பிடிக்கப்படும்.

வங்கியிலும் இதே தடை உண்டு. 2019 மார்ச் 1 முதல் வரித் திருப்பத் தொகை, பான் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்குக்கு மின்னணு முறையில் மட்டுமே வழங்கப்படுகிறது. அந்த வங்கிக் கணக்கைத் தளத்தில் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். பெயர் மாறினால் சரிபார்ப்பு தோற்கும். ஏற்கப்பட்ட கணக்குக்கும் பணம் வந்து சேராது.

நீதிமன்றங்களின் தலையீடு

2012இல் ஒரு பட்டயக் கணக்காளர், வரி செலுத்துவோர் படும் அவதிகளை விவரித்து தில்லி உயர் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து பொதுநல வழக்காக ஏற்று, 2013 மார்ச் 14 அன்று தீர்ப்பளித்தது. பழைய காகிதப் பதிவேடுகளிலிருந்து பிழையாகக் கணினியில் ஏற்றப்பட்ட பாக்கிகளுக்கு ஈடாக, முன்னறிவிப்பு இல்லாமல் வரித் திருப்பத்தைக் கழித்துக்கொள்வது வழக்கின் ஒரு பொருள். வரி பிடித்தவர் விவரத்தைத் தவறாகப் பதிவேற்றியதால், பிடிக்கப்பட்டவருக்கு அந்த வரி வரவு வைக்கப்படாமல் போவது இன்னொன்று. கழிப்பதற்கு முன் சட்டப்படியான வாய்ப்பு அளிக்க வேண்டும், பிடித்தம் செய்தவரின் தவறுக்கு மற்றவரைத் தண்டிக்கக் கூடாது என்னும் நோக்கில் துறைக்கு நீதிமன்றம் பல கட்டளைகளைப் பிறப்பித்தது.

அடுத்த பெரிய கேள்வி மென்பொருளைப் பற்றியது. 2024 ஜூலை 5 அன்று துறையின் தாக்கல் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்து, குறுகிய கால மூலதன ஆதாயம் போன்ற தனி விகித வருமானம் வைத்திருந்தவர்கள், அந்த வருமானத்துக்கான வரியில் பிரிவு 87ஏ தள்ளுபடியைக் கோரவே முடியாதபடி ஆயிற்று. அந்த நாளுக்கு முன் தாக்கல் செய்தவர் கோர முடிந்ததை அதற்குப் பின் வந்தவர் கோர முடியவில்லை. சட்டத்தில் ஓர் எழுத்தும் இடையில் மாறவில்லை.

இதை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடுக்கப்பட்டது. 2025 ஜனவரி 24 அன்று நீதிமன்றம், கோரிக்கையை எழுப்ப இடம் தரும் வகையில் மென்பொருளை மாற்றும்படி உத்தரவிட்டது. அத்தள்ளுபடி சட்டப்படி உண்டா இல்லையா என்பதை மதிப்பீட்டின்போது அதிகாரி முடிவு செய்யலாம். ஆனால் கேட்கும் வாயையே கணினி அடைத்துவிடக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். விவாதத்துக்குரிய கேள்விக்குப் படிவத்தின் கட்டம் தீர்ப்பு எழுத முடியாது என்ற வரம்பை அது வகுத்தது. பதிவேற்றத் தடை வழியாகவே ஓர் உரிமை மறுக்கப்படும் எதிர்கால வழக்குகளுக்கும் இது வழிகாட்டியாக நிற்கிறது.

புதிய தளமும் செயலாக்க மையத்தின் பிழையும்

2021 ஜூன் 7 அன்று பழைய தளத்துக்கு மாற்றாகப் புதிய தளம் தொடங்கப்பட்டது. உள்நுழைய முடியாமை, கடவுச்சொல் வந்து சேராமை, பாதியில் நின்றுபோகும் படிவங்கள் என முதல் நாள் முதலே புகார்கள் குவிந்தன. தளத்தை உருவாக்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை அந்த ஆண்டு ஆகஸ்டில் நிதி அமைச்சகம் நேரில் அழைத்து விளக்கம் கேட்டது. ஜூலை 31ஆக இருந்த தனிநபர் கெடு செப்டம்பர் 30க்கும், பின்னர் டிசம்பர் 31க்கும் தள்ளிவைக்கப்பட்டது.

பின்னர் நிலைமை சீரடைந்தது. 2019-20 மதிப்பீட்டு ஆண்டில் சராசரியாக 82 நாள் பிடித்த பரிசீலனை, 2023-24இல் 10 நாளாகக் குறைந்தது என்று வாரியம் அறிவித்தது. 2024 ஜூலை 31 வரை, 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு 7.28 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் தாக்கலாகின. காகித முறையில் நினைத்தும் பார்க்க முடியாத வேகம் இது.

வேகம் கூடியபோதும் பிழை ஒழிந்துவிடவில்லை. மின்னணு முறையில் தாக்கலான பல கணக்குகளைச் செயலாக்க மையம் தவறுதலாகச் செல்லாதவை என்று ஒதுக்கிவிட்டது தெரியவந்தது. அவற்றைப் பரிசீலிக்கச் சட்டம் தந்த காலக்கெடுவும் கடந்திருந்தது. 2025 ஜூலை 28 அன்று வாரியம் வெளியிட்ட 10ஆம் எண் சுற்றறிக்கை, 2024 மார்ச் 31 வரை தாக்கலாகித் தவறாகச் செல்லாததாக்கப்பட்ட கணக்குகளைப் பரிசீலிக்க 2026 மார்ச் 31 வரை காலம் நீட்டித்தது. உரியவர்களுக்கு வட்டியுடன் வரித் திருப்பம் தரவும் வழிசெய்தது. பான்–ஆதார் இணைக்காதவர்களுக்கு மட்டும் தொகை கிடையாது. நிராகரிப்பு என்றாலே வரி செலுத்துவோரின் தவறு என்ற பொதுக் கருத்துக்கு இந்தச் சுற்றறிக்கை துறையே எழுதிய மறுப்பாகும்.

சரிசெய்யும் வழிகள்

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தடைபட்ட கணக்கைச் சரிசெய்யும் வழிகள் பின்வருமாறு அமைந்தன.

பதிவேற்றத்தில் தடை: பிழைச் செய்தி சுட்டும் கட்டத்தைத் திருத்தி, கெடுவுக்குள் மீண்டும் அனுப்ப வேண்டும். ஒப்புகை எண் வந்தால்தான் தாக்கல் ஆனதாகப் பொருள்.

உறுதிசெய்யாத கணக்கு: 30 நாளுக்குள் உறுதிசெய்ய வேண்டும். தவறிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தளத்தில் விண்ணப்பிக்கலாம். உறுதிசெய்யும் முன்பே பிழை தெரிந்தால், கணக்கைக் கைவிட்டுப் புதிதாகத் தாக்கல் செய்யும் வசதி 2023இல் வந்தது.

குறைபாட்டு அறிவிப்பு: 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆவணம் திரட்ட நாள் போதாவிட்டால், கெடு முடியும் முன்பே கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். படிவம் 26ஏ.எஸ்., 2021 நவம்பரில் அறிமுகமான ஆண்டுத் தகவல் அறிக்கை இரண்டையும் கணக்குடன் வரிவரியாக ஒப்பிட்டால் பெரும்பாலான குறைபாடுகளின் வேர் தெரிந்துவிடும். பிழை வங்கியுடையது அல்லது முதலாளியுடையது என்றால், அவர்களே திருத்திய விவரத்தை அனுப்ப வேண்டும்.

சொந்தப் பிழை: பிரிவு 139(5)இன்படி, மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31 வரை திருத்திய கணக்குத் தாக்கல் செய்யலாம். அதற்குப் பிறகு, 2022இல் வந்த புதுப்பித்த கணக்கு முறை உண்டு. அதற்கான காலம் முதலில் 2 ஆண்டாக இருந்து, 2025இல் 4 ஆண்டாக்கப்பட்டது. ஆனால் கூடுதல் வரி கட்ட மட்டுமே அது உதவும். வரித் திருப்பம் கேட்க உதவாது.

எல்லாக் கெடுவும் கடந்தபின்: பிரிவு 119(2)(பி)இன்படி, உண்மையான இடர்ப்பாட்டைக் காட்டித் தாமத மன்னிப்புக் கோரலாம். 2024 அக்டோபர் 1 அன்று வெளியான 11ஆம் எண் சுற்றறிக்கை, வரித் திருப்பக் கோரிக்கைக்கு இதன் எல்லையை, மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து 5 ஆண்டு என்று வகுத்தது. முன்பு இது 6 ஆண்டாக இருந்தது.

பெயர் வேறுபாடு: பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் பெயரைத் திருத்திக்கொள்வதே நிலையான தீர்வு. தாக்கல் காலம் தொடங்கும் முன்பே இதைச் செய்துகொள்வது நல்லது.

1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, வருமான வரிச் சட்டம், 2025, அந்த ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 2026 ஏப்ரல் 1 அதன் தொடக்க நாள். ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற பழைய சொல்லுக்குப் பதிலாக ‘வரி ஆண்டு’ என்ற சொல் அதில் இடம்பெறுகிறது. பிரிவு எண்களும் மாறுகின்றன. இருப்பினும் முந்தைய ஆண்டுகளுக்கான கணக்குகளும், அவற்றின் மீதான அறிவிப்புகளும் வழக்குகளும் பழைய சட்டத்தின்படியே தொடரும். எனவே பிரிவு 139(9) என்று தலைப்பிட்ட அறிவிப்புகளை வரி செலுத்துவோர் இன்னும் சில காலம் காண நேரும்.